14 வயதுப் பையனுக்குப் பெருந்தமனிக் குறுகல்: ஆபரேஷனா, ஸ்டென்ட்டா?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 14 வயது, எடை 44 கிலோ. விளையாட்டுப் போட்டிக்கு முன் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் 164/96 என்று வந்திருக்கிறது. சிறுநீரக ஸ்கேன், ஹார்மோன் சோதனை என்று பல மாதம் அலைந்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு டாக்டர் பையனின் தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்த்து, நாடி சரியாகக் கிடைக்கவில்லை, எக்கோ எடுங்கள் என்றிருக்கிறார். சி.டி. ஸ்கேனில் பெருந்தமனி ஓரிடத்தில் 4 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அதே குழாய் கீழே உதரவிதானத்தின் அருகில் 16 மில்லிமீட்டர். தொடை வழியாகப் போய் உறை போட்ட ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கிப் பிடிக்கும் கம்பி வலை) வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் சந்தேகங்கள் இவை: அதே வார்டில் பத்து நாள் குழந்தைக்கு இதே நோய்க்கு ஆபரேஷன் செய்தார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் ஸ்டென்ட்? பையன் வளர்ந்தால் ஸ்டென்ட் என்ன ஆகும்? ஆபத்து எவ்வளவு? பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா. உங்கள் மகனின் வயதுக்கும் எடைக்கும், நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளுக்கும் ஸ்டென்ட்தான் இன்று உலகெங்கும் பெரும்பாலான மையங்கள் முதலில் சொல்லும் சிகிச்சை. செலவைக் குறைக்கவோ வேலையைச் சுருக்கவோ சொன்ன குறுக்குவழி இல்லை அது. ஆனால் ஸ்டென்ட் வைத்த அன்றோடு இந்த நோய் முடிந்துவிடாது. இதை இப்போதே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிற பல விஷயங்கள் சுலபமாகும். குழந்தைகள் இதயநோய்ப் பிரிவில், கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியாகக் கருவி செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) வேலை செய்பவன் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நோய். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலே போய், வளைந்து, முதுகுப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. அந்த வளைவில் மூன்று கிளைகள் பிரிகின்றன. முதல் கிளை வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும், இரண்டாவது தலையின் இடப்பக்கத்துக்கும், மூன்றாவது இடது கைக்கும் போகிறது. குறுகல் பெரும்பாலும் இந்த மூன்றாவது கிளை தாண்டிய உடனே வருகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். அந்தக் குழாய் வந்து சேரும் இடமும் இந்தக் குறுகலும் ஏறக்குறைய ஒன்றுதான். டாக்டர்கள் கோஆர்க்டேஷன் என்று எழுதுவது இதைத்தான். ஏறக்குறைய 10,000 பிறப்பில் 4 குழந்தைகளுக்கு இது இருக்கிறது. ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். பெண்களில் டர்னர் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் குறைபாடு உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படும். நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதோ செய்ததோ எதுவும் இதற்குக் காரணம் இல்லை. கேட்காவிட்டாலும் எல்லா அம்மாக்களின் மனதிலும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

குறுகலுக்கு மேலே உள்ள தலைக்கும் கைகளுக்கும் ரத்தம் அதிக அழுத்தத்தில் போகிறது; கீழே வயிற்றுக்கும் கால்களுக்கும் குறைந்த அழுத்தத்தில் போகிறது. சிறுநீரகங்கள் குறுகலுக்குக் கீழே இருக்கின்றன. நமக்கு ரத்தம் பற்றவில்லை என்று அவை ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிரஷரை இன்னும் ஏற்றிவிடுகின்றன. அதனால்தான் பலருக்கும் முதல் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல் போகிறது. உங்கள் மகனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் இதில் எனக்கு மனவருத்தம் உண்டு. சின்ன வயதில் யாருக்குப் பிரஷர் இருந்தாலும் தொடை நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கையிலும் காலிலும் பிரஷர் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது, செலவும் கிடையாது. சாதாரணமாகக் காலில் பிரஷர் கையைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். கையைவிடக் காலில் 20 புள்ளிக்கு மேல் குறைந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள் யாராவது இருந்தால் இந்த ஒன்றைத் தயவுசெய்து வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிரஷரை வலது கையில் எடுங்கள். இடது கைக்குப் போகும் கிளையின் வாயே சிலருக்குக் குறுகலில் சிக்கியிருக்கும்; அந்தக் கையில் எடுத்தால் பிரஷர் இயல்பாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

பையன் 14 வயது வரை ஓடியாடித் திரிந்தது எப்படி என்று நீங்கள் யோசிக்கலாம். உடல் மெல்ல மெல்ல மாற்றுப்பாதைகளை வளர்த்துக்கொள்கிறது. மார்புக்கூட்டின் சிறு தமனிகள் பெருத்து, குறுகலைச் சுற்றிப் போய், கீழே ரத்தத்தைச் சேர்க்கின்றன. விலா எலும்புகளின் அடிப்புறத்தை இந்தப் பெருத்த குழாய்கள் அரித்து, எக்ஸ்ரேயில் சிறு சிறு வெட்டுகளாகத் தெரியும். ஓடினால் கெண்டைக்கால் வலி, அடிக்கடி தலைவலி, மூக்கில் ரத்தம் என்று சில அடையாளங்கள் இருந்திருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். அதற்காக இப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. சிகிச்சை இல்லாத காலத்து நோயாளிகளை ஆராய்ந்து 1970-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், அவர்களின் சராசரி ஆயுள் 34 வயது அளவில்தான் இருந்தது. நாலில் மூன்று பேர் 46 வயதுக்குள் இறந்திருந்தார்கள். இதயம் களைத்துப்போவது, தமனி வெடிப்பது, மூளையில் ரத்தக்கசிவு, தொற்று ஆகியவைதான் காரணங்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. "பையன் நன்றாகத்தானே இருக்கிறான், படிப்பு முடியட்டும் பார்க்கலாம்" என்று உறவினர் யாராவது சொன்னால், பதில் சொல்ல உங்கள் கையில் இது இருக்கட்டும்.

சரி, அந்தப் பத்து நாள் குழந்தைக்கு ஏன் ஆபரேஷன்?

அந்தக் குழந்தையின் நிலைமையே வேறு. மேலே சொன்ன சிறு குழாய் பிறந்த சில நாளில் மூடும்போது, அதன் தசை பெருந்தமனிக்குள்ளும் ஓடியிருந்தால், அதுவும் சேர்ந்து சுருங்கும். மாற்றுப்பாதைகள் வளர அவகாசமே இருந்திருக்காது. வீட்டுக்கு நன்றாகப் போன குழந்தை ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ பால் குடிக்காமல், மூச்சு வாங்கி, கால்கள் சில்லிட்டு, சிறுநீர் நின்று, ரத்த ஓட்டமே சரிந்த அதிர்ச்சி நிலையில் திரும்பி வரும். உடனே புரோஸ்டாகிளாண்டின் மருந்தை டிரிப்பில் ஏற்றி, அந்தக் குழாயை மறுபடி திறக்க வைத்து, குழந்தையைத் தேற்றி, அப்புறம் ஆபரேஷனுக்கு எடுக்கிறார்கள். இந்த வயதில் தொடை வழியாகச் சிறு பலூனைக் கொண்டுபோய் ஊதி, குறுகலை விரித்தால், சுருங்கும் தசை அங்கேயே இருப்பதால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி குறுகிவிடும். குழந்தையின் தொடைத் தமனியும் மிக மெல்லியது. கருவி நுழைத்தால் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஸ்டென்ட் வைக்கலாமே என்றால், குழந்தை வளரும், ஆனால் உள்ளே வைத்த சின்ன ஸ்டென்ட் வளராது. ஆபரேஷனில் அந்தத் தசைப் பகுதியை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்துவிடலாம். வளைவும் சேர்ந்து ஒடுங்கியிருந்தால் அதையும் அகலப்படுத்தலாம். இன்னொன்று, நெஞ்சின் நடுவே எலும்பைப் பிளக்கும் ஆபரேஷன் பெரும்பாலும் இதற்குத் தேவைப்படாது. இடது பக்க விலாக்களுக்கு நடுவே, முதுகுப்புறமாகத் திறந்துதான் செய்கிறார்கள்.

விதிவிலக்கு உண்டு. குழந்தை ஆபரேஷனைத் தாங்காத அளவுக்கு மோசமாக இருந்தால், தற்காலிகமாக மூச்சுவிட அவகாசம் தர பலூன் செய்வோம். ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் தையல் இடத்தில் மறுபடி குறுகினால், அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் பலூன்தான் முதல் தேர்வு. சுற்றிலும் தழும்பு இறுகியிருப்பதால் கிழிசல் பரவாது. பலூன் அங்கே நன்றாக வேலை செய்யும்.

கைக்குழந்தைப் பருவம் தாண்டி, 20-25 கிலோ எடை வரும் வரை உள்ள வயதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. சில மையங்கள் ஆபரேஷன் என்பார்கள், சில பலூன் என்பார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால் அந்த விவாதம் உங்களுக்கு வேண்டாம்.

வரலாற்றில் ஒரு நிமிடம். 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற அறுவை நிபுணர்தான் முதன்முதலில் இந்தக் குறுகலை வெட்டி எடுத்துத் தைத்தார். முதல் நோயாளி உங்கள் மகனைவிடச் சிறிய பையன், 12 வயது. அடுத்த ஆண்டே பாஸ்டனில் ராபர்ட் கிராஸும் செய்து காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பலூன் வந்தது, 1990களில் ஸ்டென்ட் வந்தது. இந்த வேலைக்கென்றே செய்த சி.பி. ஸ்டென்ட்டுக்கு 2016-இல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த கம்பியை வளைத்து வளைத்துச் செய்த வலை அது. அந்த ஒப்புதலுக்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வு இருக்கிறது. ஆகவே இது நேற்று வந்த பரிசோதனை முறை அல்ல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்டென்ட் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் மாரடைப்புதான் நினைவுக்கு வரும். "இந்த வயசிலேயே ஸ்டென்ட்டா, கொழுப்பா?" என்று கேட்பார்கள். இதில் கொழுப்பும் இல்லை, அடைப்பும் இல்லை. மாரடைப்புக்கு வைப்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குழாயில், மருந்து பூசிய ஸ்டென்ட். உங்கள் மகனுக்கு வைக்கப்போவது அதைவிடப் பல மடங்கு அகலமான, ரத்தம் வேகமாகப் பாயும் குழாயில். அங்கே ரத்தம் உறைந்து அடைப்பது மிக அரிது. ஆகவே பெரும்பாலும் ஆஸ்பிரின் மட்டும், வழக்கமாக ஆறு மாத அளவு கொடுக்கிறார்கள்.

கேத் லேபில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். இந்த வயதில் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறோம், ஏனென்றால் தமனி விரியும் அந்தச் சில நொடிகள் நெஞ்சில் கடுமையாக வலிக்கும். தொடைத் தமனியில் ஊசி போட்டு, அதன் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்போம். முதல் வேலை அளவெடுப்பது. குறுகலுக்கு மேலே ஒரு அழுத்தம், கீழே ஒரு அழுத்தம். திரையில் இரண்டு கோடுகள் ஓடும்: மேலே உள்ளது கூர்மையான சிகரங்களாக எழும்பும், கீழே உள்ளது சோர்ந்துபோய் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மயக்கத்தில் பிரஷரே இறங்கியிருக்கும், மாற்றுப்பாதைகள் நிறைய இருந்தால் வித்தியாசம் குறைத்தும் காட்டும். ஆகவே எண் 20-ஐத் தொடாவிட்டாலும், குழாய் பாதிக்கு மேல் குறுகி, பிரஷரும் இருந்தால் செய்வதே சரி. உங்கள் மகனுக்கு 16-க்கு 4 என்கிறபோது இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்தது சாயம் செலுத்திப் படம் எடுத்து, வளைவின் அகலம், குறுகலின் அகலம், நீளம், இடது கைக் கிளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, உதரவிதானத்தின் அருகில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அளப்போம். எனக்கு இதுதான் முழு வேலையின் உயிர்நாடி. ஸ்டென்ட்டை எவ்வளவு விரிப்பது என்பதை அருகில் உள்ள நல்ல குழாயின் அளவு தீர்மானிக்க வேண்டும். பேராசைப்பட்டு அதற்கு மேல் விரித்தால் சுவர் கிழியும்.

அளவு முடிவானதும், ஸ்டென்ட்டை ஒரு பலூன் மேல் இறுக்கி ஏற்றி, நீளமான உறைக்குழாய் வழியாகக் குறுகலின் இடத்துக்குக் கொண்டுபோவோம். இந்தப் பலூன் இரட்டைப் பலூன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்பலூன் வெளிப்பலூனில் பாதி அகலம் இருக்கும். உள்ளதை முதலில் ஊதினால் ஸ்டென்ட் பாதி விரிந்து நிற்கும். இடம் சரியா என்று சாயம் விட்டுப் பார்க்கலாம், சற்று முன்பின் நகர்த்தலாம். திருப்தியானதும் வெளிப்பலூனை ஊதுவோம். இதயத்திலிருந்து வரும் வேகம் பலூனைத் தள்ளிவிடாமல் இருக்க, அந்தச் சில நொடிகள் இதயத்தை பேஸிங் கம்பியால் (இதயத்துக்குள் மெல்லிய மின்தூண்டல் தரும் கம்பி) மிக வேகமாகத் துடிக்கவைத்து, பாய்ச்சலைக் குறைத்துக்கொள்வோம். திரையில் பலூன் நடுவில் ஒடுங்கி உடுக்கை போல் தெரியும். அழுத்தம் ஏற ஏற அந்த இடுப்பு மறைந்து நேராகும். பலூனைச் சுருக்கி எடுத்து, மறுபடி அழுத்தக் கோடுகளைப் பார்க்கும்போது, மேலும் கீழும் ஓடிய இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓடும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் கணத்தில் அறையில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வரும்.

உங்கள் மகனுக்கு ஒரே தடவையில் 16 மில்லிமீட்டர் வரை விரிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறுகலின் அகலத்தைப்போல் மூன்று, மூன்றரை மடங்குக்கு மேல் ஒரே அமர்வில் விரிப்பதில்லை என்று ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. 4 மில்லிமீட்டருக்கு அது 12 முதல் 14 வரை வரும். அந்த அளவில் நிறுத்திவிட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, சுவர் ஆறிய பிறகு, அதே ஸ்டென்ட்டைப் பெரிய பலூனால் முழு அளவுக்குக் கொண்டுவருவது பலருடைய வழக்கம். உறை போட்ட ஸ்டென்ட் என்றால் சிலர் முதலிலேயே முழுக்க விரிப்பார்கள். இரண்டும் சரியான வழிகளே. ஆனால் இரண்டாவது தடவை கூப்பிட்டால், முதல் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது திட்டத்தின் ஒரு பகுதி.

உறை என்பது கம்பி வலையைச் சுற்றிப் போர்த்திய மெல்லிய செயற்கைச் சவ்வு. விரிக்கும்போது தமனியின் சுவர் கிழிந்தாலும் ரத்தம் வெளியே கசியாமல் அது தடுக்கும். இப்படி மிகவும் இறுகிய குறுகலுக்கு உங்கள் டாக்டர் அதைத் தேர்ந்தெடுத்திருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒரு குறை, இதற்குக் கொஞ்சம் பருமனான குழாய் தொடை வழியாகப் போக வேண்டும். இன்னொன்று, இடது கைக் கிளையின் வாயை உறை மூடிவிடாமல் கவனமாக வைக்க வேண்டும்.

பையன் வளரும் கேள்வி. முழு வளர்ச்சி பெற்ற ஆணுக்கு அந்த இடத்தில் பெருந்தமனி ஏறக்குறைய 18 முதல் 22 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவு வரை விரியக்கூடிய ஸ்டென்ட்டைத்தான் இப்போதே வைக்க வேண்டும். 44 கிலோ பையனுக்கு அதற்கு வழி இருக்கிறது. சிறு குழந்தைகளின் மெல்லிய தொடைத் தமனியில் அவ்வளவு பெரிய ஸ்டென்ட்டைக் கொண்டுபோக முடியாது; அவர்களுக்கு நாங்கள் தயங்குவதற்கு இதுதான் பெரிய காரணம். வளர்ந்த பிறகு ஒருமுறை பலூனால் விரிக்க வேண்டி வரலாம். ஸ்டென்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. தமனியின் உள்சவ்வு அதன் மேல் படர்ந்து, அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும்.

ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமனிச் சுவர் கிழிதல், ஸ்டென்ட் நகர்ந்துவிடுதல், பிற்பாடு அந்த இடத்தில் சுவர் புடைத்தல், தொடைத் தமனியில் அடைப்பு அல்லது ரத்தக்கட்டு, மிக அரிதாகப் பக்கவாதம், அதைவிட அரிதாக உயிரிழப்பு என எல்லாமே நடந்திருக்கின்றன. 36 மையங்களைச் சேர்ந்த 350 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில், உடனடிச் சிக்கல்கள் ஸ்டென்ட்டில் 2.3 சதவீதம், ஆபரேஷனில் 8.1, வெறும் பலூனில் 9.8 என்று வந்தது. சீட்டுப்போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை அது. நோயாளிகளின் வயதும் நிலையும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஆனாலும் 10 கிலோவுக்கு மேற்பட்டவர்களிடம் மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மறுசிகிச்சை அதிகம் தேவைப்பட்டது. அதில் பெரும்பகுதி முன்பே திட்டமிட்டது. வெறும் பலூனுக்கு ஏன் அவ்வளவு சிக்கல் என்றால், பலூன் வேலை செய்வதே சுவரின் உள் அடுக்கைக் கொஞ்சம் கிழித்துத்தான். மீண்டும் சுருங்கும் என்று தெரிந்து கொஞ்சம் அதிகமாக விரிக்க வேண்டியிருக்கும். ஸ்டென்ட் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் அப்படி மிகைப்படுத்த வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழப்பது நூறில் ஒன்றுக்கும் கீழ், ஆனாலும் யாரும் மறக்க முடியாதது. குரல் நரம்பு பாதிப்பு, நெஞ்சுக்குள் நிணநீர் சேர்தல் போன்றவையும் வரலாம். இருந்தாலும் குறுகல் மிக நீளமாக இருந்தாலோ, வளைவு முழுக்க ஒடுங்கியிருந்தாலோ, பக்கத்தில் கிளைகள் சிக்கலாகப் பிரிந்திருந்தாலோ எந்த வயதிலும் ஆபரேஷனே மேல். அப்படி ஒன்றும் உங்கள் சி.டி. அறிக்கையில் சொல்லப்படவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை, குறிப்பாக இளம்பெண்களின் வீட்டாருக்கு. நம் நாட்டில் பெருந்தமனி சுருங்குவதற்கு பிறவிக் குறுகல் மட்டும் காரணமில்லை. டகாயாசு என்ற அழற்சி நோயும் இளவயதில் வரும், பெண்களில் மிக அதிகம். அதில் குறுகல் நீளமாக, பெரும்பாலும் இன்னும் கீழே, சுவர் தடித்து இருக்கும், சிறுநீரகத் தமனிகளும் சேர்ந்து சுருங்கும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை அளவுகள் உயர்ந்திருக்கலாம். அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். முதலில் மருந்தால் நோயை அடக்க வேண்டும். ஆகவே இடம் வழக்கமானதாக இல்லாவிட்டால், அது டகாயாசு இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்களா என்று கேளுங்கள்.

முடிந்த பிறகு என்ன? தொடையில் கட்டு, அந்தக் காலை ஏறக்குறைய ஆறு மணி நேரம் மடக்காமல் நீட்டி வைக்க வேண்டும். செவிலியர் பாதத்தின் நாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். கால் சில்லிட்டால், வெளுத்தால், மரத்தால் உடனே சொல்ல வேண்டும். நெஞ்சிலோ முதுகிலோ புதிதாகக் கடும் வலி வந்தாலும் அப்படியே. முதல் ஓரிரு நாள் பிரஷர் இறங்காமல் மேலும் ஏறக்கூடும். அடைப்பு நீங்கிய பின் உடல் காட்டும் எதிர்வினை அது. ஊசி மருந்தால் கட்டுப்படுத்துவார்கள். "சரிபண்ணியும் பிரஷர் ஏறுதே" என்று பதற வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் வீடு, ஒரு வாரத்தில் பள்ளி. ஓட்டம், விளையாட்டு, பளு தூக்குவதெல்லாம் டாக்டர் சொல்லும் வரை, சில மாதங்கள் நிறுத்தி வையுங்கள். முதல் ஆறு மாதம் பல் பிடுங்குவது போன்ற வேலை இருந்தால் முன்பே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றி. சிலருக்கு சில மாதங்களில் முழுக்க நிறுத்த முடிகிறது. பலருக்கு முடிவதில்லை, குறுகல் நன்றாக விரிந்தவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ பிற்காலத்தில் பிரஷர் இருக்கிறது. இத்தனை வருடம் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கிய மேல்பகுதித் தமனிகள் விறைத்துப்போயிருக்கின்றன. அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகளும் அந்த உயரத்துக்குப் பழகிவிட்டன. எவ்வளவு சிறிய வயதில் சரிசெய்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதற்கு இதுவே காரணம். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வீட்டில் ஒரு பிரஷர் கருவி வாங்கி, வலது கையில் அளந்து, நோட்டில் எழுதி வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகவும் ஓடும்போது மிக அதிகமாகவும் போகிறவர்கள் உண்டு. ஆகவே 24 மணி நேர பிரஷர் பதிவும் டிரெட்மில் சோதனையும் பின்னாளில் கேட்பார்கள்.

இனி ஆயுள் முழுக்க இதயநோய்ப் பிரிவோடு தொடர்பு இருக்க வேண்டும். முதல் வருடத்துக்குள் ஒரு சி.டி., அப்புறம் சில வருடங்களுக்கு ஒருமுறை. ஸ்டென்ட்டின் கம்பி உடைந்திருக்கிறதா, சுவர் புடைத்திருக்கிறதா, மறுபடி குறுகியதா என்று பார்க்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். அது இருபது முப்பது வருடம் கழித்துத் தொந்தரவு தரலாம், மேல்பெருந்தமனியும் அகலமாகலாம். உங்கள் எக்கோ அறிக்கையில் வால்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களானவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு மூளைத் தமனியில் சிறு புடைப்பு இருப்பதாகப் பதிவுகள் உண்டு. இதற்கு எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இதுவரை வராத மாதிரித் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதே நோய் உள்ள பெண்ணாக இருந்தால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன் தமனியை ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

நான் பார்த்தவரையில் பிள்ளைகள் தொடர்பு விட்டுப்போவது 18 வயதில்தான். குழந்தைகள் பிரிவில் "இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போ" என்பார்கள், பையன் கல்லூரிக்கு வேறு ஊர் போவான், உடம்பும் நன்றாக இருக்கும். பத்து வருடம் கழித்து 180 பிரஷரோடு வருவான். உங்கள் மகனுக்கு இப்போது 14. எல்லா ஆலோசனையிலும் அவனையும் உட்காரவைத்து, அவனுக்கே விளக்கச் சொல்லுங்கள். அவன் நோயின் பெயரை அவன் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயநோய்களுக்கான சிகிச்சைகள் உண்டு. 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் வழியாகவும் போகலாம். உறை போட்ட ஸ்டென்ட்டின் விலை முழுதும் அதில் அடங்குமா, மீதி இருந்தால் எவ்வளவு என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு: இந்த மையத்தில் இதை வழக்கமாகச் செய்கிறீர்களா, ஏதாவது ஆனால் தமனி ஆபரேஷன் செய்யும் குழு இதே கட்டிடத்தில் இருக்கிறதா, கூடுதலாக ஒரு உறை ஸ்டென்ட் கையில் தயாராக இருக்குமா? நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்டென்ட்டின் வகை, நீளம், எத்தனை மில்லிமீட்டருக்கு விரித்தார்கள் என்று எழுதிய அட்டையையும், படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை விரிக்கப்போகிறவருக்கு அந்த எண்கள்தான் முதலில் தேவைப்படும். அட்டையைப் போனில் படம் எடுத்து உங்களிடமும் அவனிடமும் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் உங்கள் இருவருக்கும் ஒருமுறை எக்கோ பார்த்துவிடுங்கள். இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் ஓடக்கூடியது.